ஆபித் பாஷாவின் பதினோரு சாட்சியங்கள்

வேலூரில் துரைசாமி வக்கீலிடம் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, 1927-ஆம் வருஷத் தொடக்கத்தில், ஒருவர் எங்கள் ஆபீசுக்குள் வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. நின்றபடியே பதினோரு வழக்குகளை ஒப்பித்தார். எண், வருஷம், எந்தக் கோர்ட்டு, யார் குற்றவாளி, எத்தனை மாதம் தண்டனை, எல்லாம் வரிசையாக வந்தன. கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். "இதெல்லாம் இன்னாய்யா?"

"பதினொண்ணுலயும் ஒரே சாட்சி, சார். ஆபித் பாஷா. பதினோராவது கேஸ் என்னுது."

அவர் பெயர் ஷபீ அஹமது. அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அன்று முதல் பத்து வருஷம் அவரை எனக்குத் தெரியும். அவர் சொன்னதையும் நானே பார்த்ததையும் வைத்து இதை எழுதுகிறேன்.

மேல்விஷாரத்தில் பிறந்தவர். வீட்டில் உருது, தெருவில் தமிழ், வேலூர் மிஷன் பள்ளியில் ஆங்கிலம். மெட்ரிகுலேஷனில் கணக்கில் தோற்று, ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் கிடங்கு குமாஸ்தாவாகச் சேர்ந்தார். வஜீதா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே குடியிருந்தார். ஷாப்பு மானேஜரின் மைத்துனன், பதனிடுவதற்கான ஆவாரம்பட்டையை இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டிகளில் நல்ல ஆட்டுத்தோல்களை மறைத்து வெளியே அனுப்பிக்கொண்டிருந்தான். ஷபீ அதைக் கண்டுபிடித்து முதலாளியிடம் சொன்னார். முதலாளி கேட்டுக்கொண்டார்.

பத்து நாள் கழித்துப் போலீஸ் வந்தது. ஷபீயின் வீட்டுப் பின்புறம் விறகு அடுக்குக்குள்ளிருந்து நான்கு கட்டுப் பதனிட்ட தோலை எடுத்தார்கள். அதை அங்கே யார் வைத்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். நிரூபிக்கத்தான் வழியில்லை.

கோர்ட்டில் சாட்சி சொன்னவன் ஆபித் பாஷா. தோல் தரகன். வெளுத்த ஷெர்வானி, அத்தர் வாசனை, மெதுவான பேச்சு. "போன கார்த்திகை மாசம், நவம்பர் இருபத்தாறு, வெள்ளிக்கிழமை காலைல ஆறு மணிக்கு, ஆம்பூர் பள்ளிவாசல்லருந்து திரும்பி வந்துட்டிருந்தேன். இந்தப் பையன் தோல் கட்டத் தலைல வெச்சிட்டு சந்துக்குள்ள போனான்" என்றான். பிறகு குற்றவாளிக் கூண்டைப் பார்த்துத் தலையை ஆட்டினான். "நல்ல பிள்ளன்னு நெனச்சேன், எஜமான்."

பொய்யைக்கூடப் பொறுத்திருப்பேன் என்பார் ஷபீ. அந்த இரக்கத்தைத்தான் பொறுக்க முடியவில்லையாம். இரண்டரை வருஷம் கடுங்காவல் விழுந்தது. அப்பீல் தள்ளுபடி ஆனது.

வேலூர் ஜெயிலுக்குப் போன மூன்றாம் மாதம் வஜீதாவின் அப்பா பார்க்க வந்தார். கூடவே காஜியும் வந்திருந்தார். தலாக் கேட்டார்கள். "அவளுக்கு வயசு பத்தொம்போதுதான். திருடன் பொண்டாட்டின்னு ஊர்ல தலை காட்ட முடியல" என்றார் மாமனார். ஷபீ கையெழுத்துப் போட்டார். திரும்பி நடந்தபோது வஜீதாவின் முகத்தை நினைக்கப் பார்த்தாராம். ஆபித் பாஷாவின் முகம்தான் வந்தது.

படித்தவர் என்பதால் அவரை எழுத்து வேலையில் போட்டார்கள். கைதிகளின் அப்பீல் மனுக்களை எழுதுவது அவர் பொறுப்பு. எழுதுவதற்கு முன் ஒவ்வொருவரின் தீர்ப்பு நகலையும் படிக்க வேண்டும். அப்படி ஒருநாள் காவேரிப்பாக்கத்துக் கோவிந்தசாமியின் தீர்ப்பு அவர் கைக்கு வந்தது. ஊர் ஊராகப் பித்தளைப் பாத்திரம் விற்கிறவர். சோளிங்கர் மலையடிவாரத்தில் ஒரு பெண்ணின் சங்கிலியை அறுத்தார் என்பது வழக்கு. கண்ணால் பார்த்த ஒரே சாட்சி, எருமைத்தோல் வாங்க அந்தப் பக்கம் போயிருந்த தரகர் ஆபித் பாஷா. நாள், அதே வருஷம் கார்த்திகை வெள்ளிக்கிழமை, நவம்பர் இருபத்தாறு. நேரம், காலை ஏழு மணி.

ஷபீ அதை மூன்று தடவை படித்தார். ஆறு மணிக்கு ஆம்பூரில் நின்றவன் ஏழு மணிக்குச் சோளிங்கரில் எப்படி நிற்பான்? ரயிலேறிப் போனாலும் அரை நாளாகும்.

"இன்னாய்யா சிரிக்கிற?" என்று வார்டர் அதட்டினார். தான் சிரித்தது அப்போதுதான் ஷபீக்குத் தெரிந்தது.

கோவிந்தசாமியின் அப்பீலில் இதை எழுதினார். இன்னொரு வழக்கின் சமாசாரம் இதில் செல்லாது என்று அது தள்ளுபடியானது. அதன் பிறகு ஷபீ இதை யாரிடமும் சொல்லவில்லை. வருகிற தீர்ப்புகளில் அந்தப் பெயரைத் தேடினார். இரண்டரை வருஷத்தில் பதினொன்று சேர்ந்தது. எழுதிவைத்தால் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள் என்று மனப்பாடம் செய்தார். ஐந்து வேளையும் தொழுது முடித்ததும், இறைவனைத் துதித்துத் தஸ்பீஹ் எண்ண வேண்டிய விரல்களில் வழக்கு எண்களை எண்ணினார். "பாவம்னு தெரியும். ஆனா மறந்துட்டா அதவிடப் பெரிய பாவம்னு தோணிச்சு" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

வெளியே வந்ததும் எந்தத் தோல் ஷாப்பும் அவரைச் சேர்க்கவில்லை. வேலூரில் மனு எழுதிப் பிழைத்தார். 1926-இல் மிஸ் ஹெண்ட்ரி என்ற ஸ்காட்லாந்துக்காரப் பெண்மணி அங்கே வந்தார். தன் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்காக ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். திருட்டு வழக்கில் அவர் நாட்டுக் கோர்ட்டு எதை நம்பித் தண்டிக்கிறது, இந்த நாட்டுக் கோர்ட்டு எதை நம்பித் தண்டிக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவர் வேலை. அவர் நாட்டில் ஒரே ஒரு சாட்சியின் பேச்சை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்கக் கூடாதாம். அதை உறுதிப்படுத்த இரண்டாவதாக ஏதாவது வேண்டும். இங்கே சட்டத்தில் அப்படி எண்ணிக்கை கிடையாது. ஒருவன் சொன்னாலும் போதும், நீதிபதி நம்பினால் சரி.

பழைய வழக்குக் கட்டுகளைப் பார்க்க அவருக்குச் சர்க்கார் அனுமதி இருந்தது. தமிழும் உருதும் படித்துச் சொல்ல ஆள் தேவைப்பட்டது. ஷபீ போய் நின்றார். ஜெயிலில் இருந்ததை மறைக்கவில்லை. அதனாலேயே அந்த அம்மாள் அவரைச் சேர்த்துக்கொண்டார்.

விருப்பு வெறுப்பு கலக்கக் கூடாது என்பதற்காக மிஸ் ஹெண்ட்ரி ஒரு முறை வைத்திருந்தார். அலமாரியில் ஒவ்வொரு ஏழாவது கட்டையும்தான் எடுக்க வேண்டும். கட்டுகளை எடுத்துக் கொடுப்பவர் ஷபீ. ஒரு வாரம் ஒழுங்காகக் கொடுத்தார். அடுத்த வாரத்திலிருந்து, அந்த அம்மாள் அசந்திருக்கும்போது, ஆபித் பாஷாவின் கட்டுகளை ஒவ்வொன்றாக நடுவே செருகினார். வெள்ளைக்காரப் புத்தகத்தில் அவன் பெயர் ஏறிவிட்டால் கவர்னர் வரைக்கும் போகும் என்பது அவர் கணக்கு.

இரண்டு மாதத்தில் அகப்பட்டுக்கொண்டார். ஒரு மத்தியானம் மிஸ் ஹெண்ட்ரி பதினோரு கட்டுகளை மேசையில் தனியே வைத்திருந்தார். இருவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டதை ஷபீ எனக்குச் சொன்னபடி தருகிறேன்.

"இது எதுவும் ஏழாவது கட்டு இல்லை. நீங்கள்தான் நுழைத்தீர்களா?"

"ஆமாம், அம்மா."

"நான் இரண்டு நாட்டின் நீதியைத் தராசில் வைத்திருக்கிறேன். நீங்கள் ஒரு தட்டை விரலால் அழுத்தியிருக்கிறீர்கள். இரண்டு மாத வேலை வீண்."

"எனக்கு இரண்டரை வருஷம் வீண். என் வீடு போனது. அதை எந்தத் தராசில் வைப்பீர்கள்?"

அந்த அம்மாள் கோபத்தில் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். ஆனாலும் பதினோராவது கட்டைப் பிரித்து முழுவதும் படித்தார். படித்து முடிக்கும் வரை நின்ற ஷபீ, ஒன்று கேட்டார்.

"உங்கள் நாட்டில் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேனா?"

மிஸ் ஹெண்ட்ரி மற்ற பத்துக் கட்டுகளையும் இன்னொரு முறை புரட்டினார். "கோவிந்தசாமி தப்பித்திருப்பார். இதில் எட்டுப் பேர் தப்பித்திருப்பார்கள். நீங்கள் தப்பித்திருக்க மாட்டீர்கள். உங்கள் வீட்டில் தோல் அகப்பட்டது. எங்கள் சட்டம் கேட்கும் இரண்டாவது ஆதாரம் அது" என்றார்.

உலகத்தில் எங்கே பிறந்திருந்தாலும் தனக்கு அதே கூண்டுதான் என்று தெரிந்த அந்த நேரத்தில், ஷபீக்கு அழுகை வரவில்லை. மனசு இன்னும் கெட்டியானது என்றார்.

வேலை போய்விட்டது. ஆனால் அவர் வாசலைத் தாண்டுவதற்குள் அந்த அம்மாள் கூப்பிட்டுச் சொன்னார். "என் புத்தகத்தில் இந்தப் பதினொன்று வராது. ஆனால் இதில் எழுதியிருப்பது பொய்யாகிவிடாது. ஒரு வக்கீலைப் போய்ப் பாருங்கள்."

அப்படித்தான் அவர் எங்களிடம் வந்து சேர்ந்தார். துரைசாமி வக்கீல் நகல்களை வாங்கிப் படித்தார். ஆம்பூர் வாக்குமூலத்தை ஒரு பக்கமும் சோளிங்கர் வாக்குமூலத்தை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு மேசையைத் தட்டினார். "ரெண்டும் சத்தியம் பண்ணிச் சொன்னது. ரெண்டுல எது பொய்ன்னு நாம நிரூபிக்கவே வேணாம். ஏதோ ஒண்ணு பொய். அது போதும், ஆள உள்ள தள்ளலாம்."

மனுப் போட்டோம். கோவிந்தசாமியும் வந்து கையெழுத்திட்டார். நோட்டீஸ் போன ஒரு வாரத்தில் ஆபித் பாஷா எங்கள் ஆபீஸ் வாசலுக்கே வந்தான். அத்தர் வாசனை இல்லை. ஷபீயைக் கண்டதும் கையைப் பிடிக்க வந்தான்.

"பாய், கொஞ்சம் கேளுங்க. கள்ளக் கஞ்சா கேஸ் ஒண்ணு என் தலைமேல இருந்திச்சு. இன்ஸ்பெக்டர் ரங்காராவ் அத எடுத்து மேசைல வெச்சுக்கினே பேசுவாரு. கூப்ட்டா போணும். மத்த ஸ்டேஷனுக்கும் அனுப்புவாரு. எழுதிக் கொடுத்ததச் சொல்வேன், வந்துடுவேன். உங்க மேல எனக்கு இன்னா பகை?"

"பகை இல்லாமயா பண்ண?"

"சத்தியமா இல்ல, பாய்."

"அப்ப நான் பண்ணப்போறதாவது பகையோட இருக்கட்டும்" என்றார் ஷபீ. கையை உதறிவிட்டு உள்ளே வந்தார். அன்று முழுக்க அவர் முகம் பளபளவென்று இருந்தது. எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

விசாரணை நான்கு மாதம் நடந்தது. ஒரு நாள்கூட ஷபீ தவறவில்லை. முதல் வரிசையில், ஆபித் பாஷாவின் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தார். மூன்று வருஷம் என்று நீதிபதி சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டார். பசித்தவன் முதல் கவளத்தை விழுங்குவது போல இருந்தது.

அத்தோடு விடவில்லை. பதினோரு தண்டனைகளையும் ரத்து செய்யக் கேட்டு ஐகோர்ட்டுக்கு மனுப் போட்டார். ஜெயிலிலிருந்து ஆபித் பாஷா ஆள் மூலம் சொல்லி அனுப்பினான். அப்பீல் எழுத ஷபீயைப் போல ஆள் கிடையாது, பழசை மன்னித்து எழுதித் தர வேண்டும் என்று. ஷபீ மனுக்கொடுத்து நேரில் பார்க்கப் போனார். நானும் உடன் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் ஆபித் பாஷா நம்பிக்கையோடு நின்றான். ஷபீ அவனை மேலும் கீழும் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"நல்ல பிள்ளன்னு நெனச்சேன், எஜமான்."

அவ்வளவுதான் சொன்னார். திரும்பி நடந்துவிட்டார்.

அந்த மாதமே வஜீதா வந்தார். வாணியம்பாடியில் மறுபடி கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, கறுப்பு புர்க்காவில், எங்கள் ஆபீஸ் வாசலில் நின்றார். ஷபீ எழுந்து நின்றார்.

"பத்திரிகைல வந்திச்சுன்னு தம்பி படிச்சுக் காமிச்சான். நீங்க திருடலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார் வஜீதா.

"அவன உள்ள வெச்சிட்டேன். நம்மளப் பிரிச்சவன்."

"வாப்பா ஜெயிலுக்கு வந்தது எனக்குத் தெரியாது. மறுநாள்தான் சொன்னாங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு உங்களுக்குத் தோணல." குரல் உயரவில்லை. "ஆபித் பாஷா பொய் சொன்னான். கையெழுத்துப் போட்டது நீங்க."

வஜீதா போன பிறகு ஷபீ என்னிடம் தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து வைத்தேன். குடிக்கவில்லை. இரண்டு நாள் வரவும் இல்லை. மூன்றாம் நாள் வந்து, எதுவும் நடக்காதது போல, "ஐகோர்ட்டு மனு எந்த மட்டுல இருக்கு?" என்றார்.

ஐகோர்ட்டில் எட்டுத் தண்டனைகளை ரத்து செய்தார்கள். தீர்ப்பு வந்த அன்று கோவிந்தசாமி மிட்டாய் வாங்கிவந்தார். மற்ற மூன்று வழக்குகளில் வேறு ஆதாரம் இருந்தது என்று விட்டுவிட்டார்கள். அந்த மூன்றில் ஒன்று ஷபீயுடையது. மிஸ் ஹெண்ட்ரி சொன்னதேதான் நடந்தது. எட்டுப் பேரைத் திருடர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டவர், தானோ அந்தப் பட்டியலிலேயே இருந்தார்.

"போதும், விட்டுடுங்க. சாட்சி சொன்னவன் உள்ள போய்ட்டான்" என்றேன்.

"அவன் வாய்தானே. சொல்லிக் கொடுத்தவன் வெளிய இருக்கான்."

இன்ஸ்பெக்டர் ரங்காராவ் அதற்குள் பதவி உயர்ந்து செங்கல்பட்டுக்கு மாற்றலாகியிருந்தார். ஷபீ பெட்டியைக் கட்டிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போனார். அங்கே கோர்ட்டுக்கு எதிரே ஒரு மரத்தடியில் மேசை போட்டு மனு எழுதினார். மிஸ் ஹெண்ட்ரியிடம் கற்றுக்கொண்ட வேலையை ஆறு வருஷம் தனியாகச் செய்தார். கட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது, பெயரைப் பெயரோடும் நேரத்தை நேரத்தோடும் ஒட்டிப் பார்ப்பது. ரங்காராவ் வளர்த்த இன்னும் மூன்று சாட்சிகள் அகப்பட்டார்கள். சென்னைக்கு மனு மேல் மனு போட்டார். கடைசியில் 1934-இல் விசாரணைக்கு உத்தரவானது. தேதியும் குறித்தார்கள்.

அதற்குப் பதினாறு நாள் முன்பு ரங்காராவ் மாரடைப்பில் இறந்துபோனார். செய்தியைச் சொல்ல நானே ரயிலேறிப் போனேன். இனியாவது இந்த மனுஷன் ஊர் திரும்பி நிம்மதியாகச் சோறு தின்பார் என்று நினைத்தேன். மரத்தடியில் யாருக்கோ மனு எழுதிக்கொண்டிருந்தார். கேட்டதும் பேனா நின்றது.

"தப்பிச்சிட்டான்" என்றார். என் வாழ்நாளில் ஒரு சாவுக்கு யாரும் அவ்வளவு ஆத்திரப்பட்டு நான் பார்த்ததில்லை. மேசையில் குத்திய வேகத்தில் மைக்கூடு கவிழ்ந்தது.

மனு எழுத வந்திருந்த ஆள் பயந்து எழுந்தார். ஷபீ அவரைக் கையமர்த்தி உட்காரவைத்தார். புதுக் காகிதம் எடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வாக்குமூலம் எழுதிக் கொடுத்த ஹெட் கான்ஸ்டபிள் ஒருத்தன் இருந்தான். பென்ஷன் வாங்கினு திண்டிவனத்துல இருக்கானாம். எனக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் குடுத்துட்டுப் போங்க."

எடுத்துக் கொடுத்தேன். 1937-இல் ஷபீ திண்டிவனத்திலேயே இறந்தார். சாவுச் செய்தியோடு, அவர் பெயருக்கு வந்திருந்த கோர்ட்டு நோட்டீசைப் பற்றியும் ஒரு முனிசிபல் குமாஸ்தா எனக்குக் கார்டு போட்டிருந்தார். அந்த ஹெட் கான்ஸ்டபிளின் மேல் ஷபீ போட்ட மனு விசாரணைக்கு எடுக்கப்பட்டிருப்பதாகவும், மனுதாரர் ஆஜராக வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது.