எதிர்ப் பக்கத்துக் குரல்

எங்கள் நாடகக் குழுவில் வசனம் எடுத்துக்கொடுப்பவளுக்கு 'கிசுகிசு' என்று பெயர் வைத்தது நான்தான். விளக்குக்காரனுக்கு வேறென்ன வேலை? மேடையின் வலப்பக்கம், திரை மறைவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நடிகர்கள் திணறும் இடத்தில் அடுத்த வார்த்தையை மட்டும் கிசுகிசுப்பாள். மற்றபடி, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல இருப்பாள்.

அப்போது போட்ட நாடகம், போருக்குப் போன மகனுக்காகக் காத்திருக்கும் குடும்பத்தைப் பற்றியது. கடைசிக் காட்சியில் மகள் தாயிடம், "தம்பி செத்துட்டாம்மா" என்று சொல்ல வேண்டும். மகளாக நடித்தவள் வசனத்தில் புலி. ஆனால் அந்த வரி வந்ததும், ஒத்திகைக்கு ஒத்திகை, மரம் போல நின்றாள். கிசுகிசுவும் எடுத்துக்கொடுக்காமல் குனிந்துகொண்டாள்.

காரணம் எனக்குத் தெரியும். கிசுகிசுவின் தம்பியும் போருக்குப் போனவன். அவனோடு இருந்தவன் ஒருவன் அரங்கத்துக்கே வந்து, தன் கையாலேயே அவனைப் புதைத்ததாகச் சொன்னபோது, நான் ஏணி மேல் பல்பு மாட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் தாயிடம் அவள் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அந்த உயிரும் போய்விடும் என்று பயம்.

அது வேறு, வேலை வேறு அல்லவா? நான் நடிகையைப் பிடித்து எகிறினேன். "வாயில என்ன, பூட்டா போட்டிருக்கு?"

"எதிர்ப் பக்கத்துல ஒரு பையன் பேசறாண்ணே. அதைக் கேட்டதும் வசனம் மறந்துபோகுது."

"என்ன பேசறான்?"

"'சொல்லிடு பாப்பா'ங்கறான்."

கிசுகிசுவின் முகம் வெளுத்துவிட்டது. "என்னைப் பாப்பான்னு வீட்டுல மட்டும்தான் கூப்பிடுவாங்க. நான் மூத்தவ, இருந்தாலும் தம்பியும் அப்படித்தான் கூப்பிடுவான்."

எதிர்ப் பக்கம், மேடையின் இடப்புறத் திரை மறைவில், விளக்கை அடித்துப் பார்த்தேன். சுவர் வரைக்கும் பழைய காட்சித் தட்டிகள் அடுக்கிக் கிடந்தன. ஒரு பூனை நிற்கக்கூட இடமில்லை.

முதல் நாள் காட்சிக்கு, வீட்டில் தனியே விட்டுவர முடியாமல், கிசுகிசு தன் தாயையும் அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தாள். கடைசிக் காட்சி. நடிகை நின்றுவிட்டாள். கிசுகிசுவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அப்போது என் காதிலும் விழுந்தது, எதிர்ப் பக்கத்திலிருந்து, இளசான குரல்.

"சொல்லிடு பாப்பா."

மேடையில் கால் வைக்கக் கூடாதவள் எழுந்து நடு வெளிச்சத்துக்கு நடந்தாள். மேடைத் தாயைத் தாண்டி முன்வரிசையைப் பார்த்தாள்.

"தம்பி செத்துட்டாம்மா."

அதையும் நாடகம் என்றே கூட்டம் நினைத்துக்கொண்டது. முன்வரிசையில் அவள் தாய் அழவில்லை.

"தெரியும் பாப்பா. நீ தாங்கமாட்டேன்னுதான், உங்கிட்ட வந்து பேசாதேடான்னு அவனைத் தினமும் அதட்டிட்டிருந்தேன்."