அடி கருக்கிய கட்டைகள்

டர்பன்டைன் மரத்தை விழுத்தின ஈரத்தோடு பிளந்துவிட வேண்டும். காய்ந்தால் ஆப்பு இறங்காது. அதனால் நானும் என் மனைவியின் அண்ணனும் அந்தக் குளிரிலும் வேலிக்கட்டை பிளந்துகொண்டே இருந்தோம். எங்கள் தேயிலைத் தோட்டம் மலைநாட்டில், கந்தப்பளைப் பக்கம். சுதந்திரம் வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. எங்களைப் போலப் பிரஜாவுரிமை இல்லாதவர்களை என்ன செய்யப்போகிறார்களோ என்ற பேச்சு லயத்துக்கு லயம் ஓடிக்கொண்டிருந்தது.

வேலி எங்கே வரும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் ஓடை வரைக்கும் புல்மேடு. அதில்தான் எங்கள் பசுவுக்குப் பட்டி போட்டிருந்தோம். என் மனைவிக்குப் பால் வற்றிப்போய், கைக்குழந்தை அந்தப் பசுவின் பாலில்தான் கிடந்தது.

"மச்சான், இது எங்க போடவாம்?"

"தொரை பங்களாவுக்குத்தான். பூச்செடியெல்லாம் மாடு மேயுதாம்."

"பங்களாவுக்கு இம்புட்டு ஒசரக் கட்டையா?"

"தொரைசானி ஒசரமாச்சே! பேசாம ஆப்பப் புடிங்க மாப்ள. நாலாங் கிளாசோட நின்னுட்டு, தோட்டத்தையே மேய்க்கிற கண்டாக்கையாவுக்கு மேல யோசிக்கிறீங்க."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பி இழுக்கக் கட்டையில் வெட்டச் சொன்ன வெட்டுகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தன. கன்றுக்குட்டி கூட நுழைய முடியாத நெருக்கம். மண்ணுக்குள் போகும் அடியை நெருப்பில் கருக்கித் தாரும் பூசச் சொன்னார் எங்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை. பூச்செடிக்குப் போடுகிற வேலிக்கு யார் அடி கருக்குவார்கள்? கருக்கின கட்டை லேசில் மக்காது. நம் காலம் முடிந்தும் நிற்கும்.

மனது கேட்காமல் கணக்கப்பிள்ளையிடமே போய் நின்றேன்.

"ஐயா, வேலி எந்தப் பக்கங்க?"

"போட்டாத் தெரியுந்தானே" என்றார், என்னைப் பார்க்காமலே.

மறு வாரம் ஒரு காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் கட்டைகளை எங்கள் லயத்துக்குப் பின்னால் கொண்டுவந்து போட்டார்கள். என் வீட்டுப் பின்வாசலுக்கும் மாட்டுப்பட்டிக்கும் நடுவே கயிறு பிடித்தார்கள். ஓடைப்பக்கத்து நிலத்தைத் தோட்டம் விற்றுவிட்டது, பட்டியைப் பிரித்துவிடு என்றார் கணக்கப்பிள்ளை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் வாசல், தண்ணீர் ஓடும் கான், அதற்கப்புறம் தேயிலை. தேயிலைக்குள் மாடு கால் வைத்தால் என் வேலை போய்விடும்.

மச்சான் அலவாங்கை எடுத்துக் குழி தோண்ட ஆரம்பித்தார். நான் பட்டியைப் பிரித்துவிட்டு வந்து, நான் பிளந்த கட்டைகளை நானே நட்டேன்.

சாயங்காலம் பசு மேய்ச்சலிலிருந்து வந்தது. பட்டி இருந்த இடத்தில் சற்று நேரம் நின்றது. பிறகு இன்னும் கம்பி இழுக்காத இரண்டு கட்டைகளுக்கு நடுவே நுழைந்து பின்வாசலுக்கு வந்தது. என் மனைவி செம்பை வைத்துக்கொண்டு பால் கறக்க உட்கார்ந்தாள்.

"கம்பி எப்பண்ணே வருதாம்?"

"ஸ்டோருக்கு வந்து எறங்கிருச்சு தங்கச்சி" என்றார் மச்சான்.