ஜாஸ்மி தாண்டிய வாய்க்கால்

ஜாஸ்மி பந்து வீசுவதைப் போல இன்னொருத்தி வீசி யாரும் பார்த்ததில்லை. அவள் அம்மா ஞானபாய் மட்டும் இதைச் சொன்னால் பெற்ற வயிறு பேசுகிறது என்று விட்டுவிடலாம். அவளிடம் ஸ்டம்பைப் பறிகொடுத்தவர்களே சொல்கிறார்கள். முழு வேகத்தில் ஓடி வருவாள். நடுவரை நெருங்குகிற நேரத்தில் ஒரு சாட்டம் சாடுவாள். குமரி மாவட்டத்தில் குதிப்பதைச் சாடுவது என்றுதான் சொல்வார்கள். அந்தரத்திலேயே உடம்பு பக்கவாட்டில் திரும்பிவிடும். கால் தரையில் பதியும்போது பந்து போயிருக்கும். மட்டையோடு நிற்பவளுக்கு அதற்குமேல் எதுவும் தெரியாது.

அந்தச் சாட்டத்தை அவளுக்குக் கொடுத்தது ஒரு வாய்க்கால்.

தக்கலைக்குப் பக்கத்தில் அவர்கள் ஊரில் சபைக்குச் சொந்தமான ஒரு விளை இருந்தது. நெல் போடாத மேட்டு நிலத்துக்கு அங்கே விளை என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பையன்கள் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கம்பு மூன்றை அங்கே நட்டு ஆடத் தொடங்குவார்கள். விளைக்கு நீளம் போதாது. பந்து போடுகிற கோட்டை ஒட்டினாற்போல், பேச்சிப்பாறைத் தண்ணீர் வருகிற வாய்க்கால் குறுக்கே போகும். அதனால் எல்லாரும் வாய்க்காலுக்கு இந்தப் பக்கமே நின்று நாலு எட்டு வைத்துப் பந்தைப் போடுவார்கள்.

பெண்பிள்ளைக்கு மட்டை கிடையாது, வேண்டுமானால் பந்து போடு என்றான் சித்தப்பா மகன் பெனிஷ். ஜாஸ்மி பந்தை வாங்கிக்கொண்டு வாய்க்காலைக் கடந்து அடுத்த விளைக்குள் நடந்தாள்.

"ஏட்டி, எங்க போற? வீட்டுக்கா?"

"ஓடி வரப் போறேன்."

"எடையில வாய்க்கால் கெடக்கு. கண்ணு தெரியலியா?"

"எனக்குத் தெரியும். நீ கம்பப் பாத்துக்கோ."

ஓடி வந்தாள். அந்தக் கரையில் ஊன்றிச் சாடி, இந்தக் கரையில் விழுந்த காலோடு பந்தை விட்டாள். பெனிஷ் மட்டையை இறக்குவதற்குள் நடுக்கம்பு சாய்ந்துவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து அவளுக்கு மட்டையும் கொடுத்தார்கள். அவள்தான் வாங்கவில்லை.

ஞானபாய் முந்திரி உடைக்கிற ஆலையில், ஊர்ப்பேச்சில் அண்டி ஆபீசில், வேலை பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தோல் உரிக்கிற செல்லக்கனிக்கு வாய் சும்மா இருக்காது.

"ஞானபாயி, ஒம் மவ இப்பிடி வாய்க்கால் சாடிட்டுத் திரிஞ்சா எவன் வந்து கெட்டுவான்?"

"சாடத் தெரிஞ்சவன் வருவான்," என்றாள் ஞானபாய், கைவேலையை நிறுத்தாமல்.

மாவட்ட அணிக்கு ஆள் எடுத்தபோது ஜாஸ்மிக்கு எந்தச் சிக்கலும் வரவில்லை. அந்த மைதானம் மேடும் பள்ளமுமாக இருந்ததால் சாடுகிற இடத்துக்கு அடையாளம் கிடைத்தது. மாநில அணிக்காகச் சென்னைக்குப் போன பிறகுதான் வந்தது. அங்கே மைதானம் கை வைத்துத் தடவிவிட்ட மாதிரி சமமாகக் கிடந்தது. ஓடி வந்தவளுக்கு எங்கே சாடுவதென்று தெரியவில்லை. கால் ஒருமுறை கோட்டுக்கு முன்னால் விழும், ஒருமுறை வெகு பின்னால். நோ பால், நோ பால் என்று நடுவர் கையை நீட்டியபடியே நின்றார். சாட்டத்தை விட்டுவிடு என்றார் பயிற்சியாளர். விட்டாள். பந்து கோட்டுக்குப் பின்னாலிருந்து ஒழுங்காகப் போயிற்று. வேகம் மட்டும் போய்விட்டது. அந்தப் பருவம் முழுக்க அவளை யார் வேண்டுமானாலும் அடித்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அடித்தார்கள்.

அவளுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு காலையில் எல்லாருக்கும் முன்னால் மைதானத்துக்குப் போய், ஓடி வரும் பாதையில் காலணி முள்ளால் குறுக்கே இரண்டு கோடு கீறினாள். இரண்டுக்கும் நடுவில் ஊர் வாய்க்காலின் அகலம். முதல் கோட்டில் ஊன்றி இரண்டாவதைத் தாண்டி விழுந்தாள். கால் விழவேண்டிய இடத்தில் விழுந்தது. வேகம் திரும்பி வந்தது.

விக்கெட் கீப்பர் சுபிதாவும் குமரி மாவட்டத்துக்காரி, கோட்டாற்றுக் கடைக்காரர் மகள். அவளுக்கு அந்தக் கோடுகள் என்னவென்று விளக்க வேண்டியிருக்கவில்லை. பார்த்ததும் சிரித்தாள்.

"ஏட்டி, வாய்க்கால் வெட்டியாச்சா?"

அன்றிலிருந்து எந்த ஊர் மைதானத்திலும் முதல் வேலை அதுதான். ராஞ்சியின் சிவப்பு மண்ணிலும் இந்தூரின் கரிசலிலும் ஜாஸ்மி வாய்க்கால் வெட்டினாள். வடநாட்டு நடுவர்கள் இதென்ன சடங்கு என்று பார்ப்பார்கள். மூன்று ஓவர் போனால் அவர்களுக்கே புரிந்துவிடும். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தது. மண்டல அணியில் இடம் கிடைத்தது. ஊரில் பழைய ஓட்டு வீட்டை இடித்துக் கான்கிரீட் வீடு எழுப்பினார்கள். செல்லக்கனி அண்டி ஆபீசில் ஜாஸ்மியின் படத்தைப் போனில் வைத்து எல்லாருக்கும் காட்டினாள், தானே பெற்றவள் மாதிரி.

இருபத்தொன்பதாவது வயதில் முதுகெலும்பில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் கண்டது. மாதக்கணக்கில் வீட்டில் கிடந்தாள். திரும்பி வரலாம், ஆனால் சாடாமல் மெதுவாகப் போட்டால் நல்லது என்று தேர்வாளர்கள் பக்கத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். சொன்னதைக் கொண்டு வந்தது சுபிதா. அப்போது அவள் மாநில அணியின் கேப்டன்.

"சாடாம போடுததுக்கு நான் எதுக்கு? அதுக்கு வேற ஆளு கெடக்கே," என்றாள் ஜாஸ்மி.

"முதுகு?"

"முதுகுக்கு வேண்டியத நான் செய்யுதேன். சாட்டத்த விடமாட்டேன்."

சொன்னபடி செய்தாள். முதுகுத் தசை இரும்பாகும்வரை பயிற்சி எடுத்தாள். மருத்துவர் படம் எடுத்துப் பார்த்து, இனிச் சாடலாம் என்று தலையாட்டினார். ஜூன் மாதத் தொடக்கத்தில் தேர்வு ஆட்டத்துக்கு அழைத்தார்கள். அணியில் வேகப்பந்துக்கு ஒரே ஓர் இடம்தான் மிச்சம். அதற்கு ஓர் இளம்பிள்ளை ஏற்கெனவே வரிசையில் நின்றாள். இந்த ஆட்டத்தில் போட்டுக்காட்டினால் இடம் ஜாஸ்மிக்கு. இல்லையென்றால் முப்பதை நெருங்கியவளை மறுபடி யார் கூப்பிடப் போகிறார்கள்?

சென்னைக்கு வெளியே ஒரு கல்லூரி மைதானம். சுபிதா வழக்கம்போல், "வாய்க்கால் வெட்டியாச்சா?" என்று கேட்டுவிட்டு ஸ்டம்புக்குப் பின்னால் போனாள். முதல் சுற்றில் ஜாஸ்மி இரண்டு விக்கெட் எடுத்தாள். முதுகு ஒரு சொல் பேசவில்லை. அப்புறம் மழை வந்தது.

எல்லாரும் கூரைக்கடியில் ஒதுங்கினார்கள். அந்த நேரம் பார்த்து ஞானபாயின் போன்.

"மக்கா, சாப்பிட்டியா?"

"ஆட்டம் நடக்கும்மா. மழைக்கு ஒதுங்கி நிக்கோம்."

"இங்கயும் சாரலுதான். அணை தொறந்தாச்சு கேட்டியா. நம்ம வாய்க்கால்ல தண்ணி கரை மறிஞ்சி போவுது. கரை எது விளை எதுன்னு தெரியல. ஒங்கப்பன் நேத்து சைக்கிளோட அதுக்குள்ள போயிட்டாரு."

"ஐயோ, அடி பட்டுதா?"

"அவருக்கு ஒண்ணும் இல்ல. மீனுதான் போச்சி. ரெண்டு கிலோ சாளை."

ஜாஸ்மி சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். மழை விட்டது. ஈரத்துக்காக ஓடுபாதை முழுக்க மரத்தூள் கொட்டியிருந்தார்கள். கோடுகள் எங்கே என்றே தெரியவில்லை. ஜாஸ்மி காலால் தூளை விலக்கிக் கீறப் போனாள்.

"ஈரத்தைக் கிளறக் கூடாதும்மா, குழி விழுந்துடும்," என்றார் நடுவர். "அப்படியே போடுங்க."

சுபிதா ஓடி வந்தாள். "இன்னைக்கு ஓட்டத்தக் கொறட்டி. சாடாம நாலு பந்து போட்டுட்டுப் போயிரு."

"மாட்டேன்."

"எடம் போயிரும்ட்டி."

"சாடாம கெடைக்குத எடம் எனக்கு வேண்டாம். நீ ஒன் எடத்துக்குப் போ."

முதல் பந்து நோ பால். அதற்குக் கிடைத்த ஃப்ரீ ஹிட்டில் பந்து எல்லைக்குப் போயிற்று. அடுத்ததும் நோ பால். கூரைக்கடியில் தேர்வாளர்கள் ஒருவர் காதில் ஒருவர் பேசினார்கள். வரிசையில் நின்ற இளம்பிள்ளை அங்கேயே உடம்பை முறுக்கித் தயாராகத் தொடங்கினாள்.

ஜாஸ்மி திரும்பி நடந்தாள். குனிந்து, கோடு இருக்கவேண்டிய இடத்தைக் கண்ணால் தேடிக்கொண்டே நடந்தாள். ஒன்றும் இல்லை, தூள்தான். கரை எது விளை எது என்று தெரியாமல்.

அங்கே நின்றுவிட்டாள். அம்மா சொன்ன வார்த்தைதான் அது. சின்ன வயதில் அணை திறந்த பிறகு அவள் ஆடாமலா இருந்தாள்? ஜூன் மாதம் முழுக்க ஆடியிருக்கிறாள். தண்ணீர் கரைக்குமேல் ஏறிப் பழுப்பாக ஓடும். ஊன்றுகிற கரையும் தெரியாது, விழுகிற கரையும் தெரியாது. பெனிஷ் முதலான பையன்கள் அவள் உள்ளே விழுவதைப் பார்க்கவென்றே கூடி நிற்பார்கள். முதல் நாள் விழுந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பாவாடையோடு சேற்றில் எழுந்ததற்கு வீட்டில் நல்ல அடி. அதற்கப்புறம் விழவில்லை. கீழே தண்ணீரைப் பார்த்து ஓடியதால் விழுந்தோம் என்று அன்றே தெரிந்துகொண்டாள். நட்ட கம்பை மட்டும் பார்த்து ஓடினால் கால் தானாகக் கரையைப் பிடித்துக்கொள்ளும். இத்தனை வருஷமாகக் கோடையில் வற்றிக் கரை தெரிகிற வாய்க்காலையே வெட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். தண்ணீர் வந்த வாய்க்காலும் அவள் தாண்டியதுதானே.

மறுபடி ஃப்ரீ ஹிட். ஜாஸ்மி நிமிர்ந்து நடுஸ்டம்பைப் பார்த்தாள். ஓடினாள். தரை இருக்கிற திசைக்கே கண்ணைக் கொடுக்கவில்லை. சாடினாள். பின்னால் நடுவர் குரல் எழவில்லை. மட்டைக்காரி பெரிதாகச் சுழற்றினாள், காற்றுதான் கிடைத்தது. பந்து ஸ்டம்பைப் பெயர்த்துக்கொண்டு போயிற்று. ஃப்ரீ ஹிட்டில் அவுட் கிடையாது, ஆனால் பார்த்தவர்களுக்குக் கணக்கு வேறு.

அடுத்த பந்துக்கும் அதே மட்டைக்காரி நின்றாள். அதே ஓட்டம், அதே சாட்டம், அதே ஸ்டம்பு. இந்த முறை அவள் போகத்தான் வேண்டியிருந்தது. ஓவர் முடிந்தபோது அந்த இளம்பிள்ளை உட்கார்ந்துவிட்டாள். தேர்வாளர்கள் பேசுவதை நிறுத்தி ஆட்டத்தைப் பார்த்தார்கள்.

இடம் ஜாஸ்மிக்குத்தான் போயிற்று. சாட்டத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

அடுத்த ஆட்டம் திண்டுக்கல்லில். வெயில் அடித்தது, தரை காய்ந்து நன்றாகக் கீறலாம் போலக் கிடந்தது. ஜாஸ்மி பந்தைத் துடைத்துக்கொண்டு நேரே ஓட்டம் தொடங்குகிற இடத்துக்குப் போனாள்.

"ஏட்டி, வாய்க்கால் வெட்டலியா?" என்று ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து சுபிதா கேட்டாள்.

"தண்ணி தொறந்தாச்சு," என்றாள் ஜாஸ்மி. "நீ கைய விரிச்சி நில்லு, வாரேன்."