குண்டு போடாத துப்பாக்கி

தேனியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கிற வேலை ஞானசெல்விக்கு. வீடு கெங்குவார்பட்டியில். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது ரைபிள் சுட்டவள், கல்யாணம், வேலை என்று ஆனபின் அதை மறந்தே போயிருந்தாள். 2005இல் ஒரு தோழியோடு மதுரையில் துப்பாக்கி சுடும் சங்கமொன்றுக்குப் போனவள், அங்கே காற்றழுத்தத்தால் குண்டு பாயும் ஏர் பிஸ்டலைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் விடவில்லை. சங்கத்தை விட்டுப் போன ஒருவரிடம் பழைய பிஸ்டல் ஒன்றை வாங்கிக்கொண்டாள். லாரிப் பட்டறை வைத்திருந்த கணவன் எட்வின், "உனக்குப் பிடிச்சிருந்தாச் செய்யி" என்று சொன்னதோடு சரி.

மதுரைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் போக முடியும். அதுவும் சர்ச்சில் முதல் பூசை முடிந்து வத்தலக்குண்டு வழியாகப் பஸ் பிடித்தால். இடையில் ஒரு வாரம் சும்மா இருந்தால் கை எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. சங்கத்துப் பயிற்சியாளர் ஒரு வழி சொன்னார்: "வீட்டுல குண்டு போடாமச் சுடுங்க. வெறும் செவுத்தப் பாத்து."

காற்றை வெளியே விடாமல் விசையை மட்டும் அழுத்திப் பழக அவளுடைய பிஸ்டலில் வசதி இருந்தது. விடிந்ததும் குண்டு டப்பாவை அடுத்த அறை பீரோவில் வைத்துப் பூட்டுவாள். குழாய் காலிதானா என்று பார்ப்பாள், நம்பிக்கையில்லாமல் மறுபடியும் பார்ப்பாள். பிறகு வெள்ளைச் சுவருக்கு முன்னால் பக்கவாட்டில் நின்று ஒற்றைக் கையை நீட்டுவாள். சுவரில் குறி எதுவும் கிடையாது. பார்க்க வேண்டியது துப்பாக்கி நுனியில் இருக்கும் முன்குறியைத்தான். விசை 'டிக்'கென்று விழும்போது அது அசையக் கூடாது. அவளுக்கோ தினமும் கீழே குத்தியது. விரல் மட்டும் அசைய வேண்டிய இடத்தில் மணிக்கட்டும் கூடவே அசைந்தது. கை சோர்ந்தால் இறக்கிவிடுவாள். சோர்ந்த கையோடு சுட்டால் தப்புதான் பழகும் என்பது போகப் போக அவளுக்கே விளங்கியது.

ஒரு காலையில் கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டு ராமுத்தாய், ஜன்னல் வழியே அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு வந்த வழியே ஓடினாள். மத்தியானத்துக்குள் தெரு முழுக்கப் பேச்சு. பட்டறையில் எட்வினிடமே ஒருவர் கேட்டார்: "ஏப்பா, வீட்டுல எதுவும் சண்டையா?"

சாயங்காலம் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரர் மொக்கைச்சாமி வந்தார். வாசலில் ராமுத்தாயும் நின்றாள்.

"ஏத்தா, நீ நல்ல புள்ளதான். ஆனா எல்லாரும் பயப்படுறாக. வேற வீடு பாத்துக்கங்க."

ஞானசெல்வி உள்ளே போய் வந்தாள். பிஸ்டலைத் திறந்து காலிக் குழாயைக் காட்டினாள். "ஐயா, ஒரே ஒரு தடவ பிடிச்சுப் பாருங்க. செவுத்தப் பாத்து."

கரும்பு வெட்டிப் பழகிய கை மொக்கைச்சாமிக்கு. அலட்சியமாகத் தூக்கினார். முன்குறி இடமும் வலமும் அலைந்தது. பல்லைக் கடித்தார், இன்னும் ஆடியது.

"என்னத்தா இது, குடிச்சவன் மாதிரி ஆடுது!"

ராமுத்தாய் சிரித்துவிட்டாள்.

"இத அசையாமப் பிடிக்கத்தான் நெதமும் நிக்கிறியா? குண்டே இல்லாம?" என்றார் மொக்கைச்சாமி.

"குண்டு போட்டா எங்கன ஓட்ட விழுந்துச்சுன்னு மனசு போயிரும்யா. போடாட்டித்தான் நம்ம தப்பு நமக்குத் தெரியும்."

மொக்கைச்சாமி பிஸ்டலைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். "இருந்துக்கங்க. ஜன்னலச் சாத்திக்கிட்டுச் செய்யித்தா."

அடுத்த வருஷம் மதுரையில் போட்டி. வரிசையில் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். முதல் சில குண்டுகளிலேயே ஞானசெல்விக்குப் படபடப்பு ஏறிவிட்டது. குண்டுகள் கறுப்பு வட்டத்தின் ஓரத்துக்கு இறங்கின. அவள் பிஸ்டலை மேசையில் வைத்தாள். மூச்சு விட்டாள். பிறகு குண்டு போடாமல், காற்றும் விடாமல், வீட்டில் செய்வதுபோல விசையை மட்டும் அழுத்திப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற பெண் வியப்போடு திரும்பினாள். ஞானசெல்வி அவளைக் கவனிக்கவில்லை. முன்குறி அசையாமல் நின்றதும்தான் அடுத்த குண்டைப் போட்டாள். இழந்த நேரம் இழந்ததுதான். ஆனால் அதன்பின் அவள் கை ஆடவில்லை.

முடிவு ஒட்டிய பலகையின் முன்னால் எட்வின் கீழிருந்து மேலாகப் பெயர் தேடிக்கொண்டிருந்தான்.

"உம் பேரக் காணமே, ஞானம்."

"இன்னும் கொஞ்சம் மேல பாருங்க."

விரலை மேலே மேலே நகர்த்தினான். பதக்க வரிசைக்குச் சற்றுக் கீழே, மாநிலப் போட்டிக்குத் தேர்வானவர்கள் நடுவில் அவள் பெயர் இருந்தது. அவன் அதைச் சத்தமாக, அவளுடைய அப்பா பெயரோடு சேர்த்து, இரண்டு தடவை வாசித்தான்.