மண்ணுக்கடியில் ஒரு மூலை

அம்மா வெல்டர். கதவு, ஜன்னல், மாடிப்படிக் கைப்பிடி என்று எதைக் கேட்டாலும் செய்துகொடுப்பாள். அவள் பற்றவைத்தது ஆடுகிறது என்று யாரும் திரும்பி வந்ததில்லை. அதனால்தான் வானத்தை ஆராயப் பொட்டலில் ஆண்டெனா வைத்தவர்கள் அவளைத் தேடி வந்தார்கள்.

அந்த ஆண்டெனா சாப்பாட்டு மேசை மாதிரி இருக்கும். முதல் நட்சத்திரங்கள் எரியத் தொடங்கிய காலத்து ரேடியோ அலை இன்னும் வந்துகொண்டிருக்கிறதாம். அதை அளந்து கோடாக வரைந்தால், கோட்டில் ஒரு சின்னப் பள்ளம் தெரிய வேண்டுமாம். ஆனால் அது அவ்வளவு மெலிசு, கீழே இருக்கிற தரையே கெடுத்துவிடும். அதனால் பெரிய இரும்பு வலையை விரித்து, துண்டோடு துண்டைப் பற்றவைத்து, காற்று தூக்காமலிருக்க மண் போட்டு மூடினார்கள்.

கடைசி மூலைக்கு வந்தபோது தூறல். ஈரத்தில் வெல்டிங் வைக்க முடியாது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மா கட்டுக்கம்பியால் முறுக்கிவிட்டு வந்தாள். மறுநாள் போனால், மண் கொட்டியாகிவிட்டது. "எல்லாம் முடிஞ்சுதாக்கா?" என்று மேஸ்திரி கேட்டார். தலையாட்டிவிட்டாள்.

ஆய்வுக்குழுத் தலைவிக்கு வேலையாட்கள் வைத்த பெயர் 'காது மேடம்'. சில மாதம் கழித்து, பள்ளம் கிடைத்துவிட்டது என்று அவர் எல்லோரையும் கூப்பிட்டு டீயும் கேக்கும் கொடுத்தார்.

"அந்தப் பள்ளம் நம்ம ஆளுங்க தோண்டினதா இருக்கப்போகுது மேடம்" என்றார் லாரி டிரைவர்.

"சிரிக்காதீங்க. வலையில ஒரு மூட்டு சரியில்லன்னாலும் இதே மாதிரி பொய்ப் பள்ளம் வரும். அதான் அக்காகிட்ட குடுத்தேன். அவங்க கை வச்சா அப்பீலே கிடையாது."

அம்மா கேக்கைத் தொடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ராத்திரி சாப்பிடவும் இல்லை. அப்பா துருவித் துருவிக் கேட்டதும் சொல்லிவிட்டாள்.

"மண்ணுக்கடியில கிடக்கறத எவன் பாக்கப்போறான்? நீயா வாயக் குடுத்து மாட்டிக்காத."

"என்னை நம்பித்தாங்க அவங்க அந்தப் பள்ளத்தையே நம்பறாங்க."



மறுநாள் காலையில் அம்மா போய்ச் சொன்னாள். தோண்டினார்கள். கம்பி துருப்பிடித்து இளகிக் கிடந்தது. அவளே பற்றவைத்தாள். அதன்பிறகு அவர்கள் மறுபடி அளந்துகொண்டே இருந்தார்கள். அத்தனை நாளும் வீட்டில் யாராவது போனை எடுத்தால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்பாள்.

ஒரு நாள் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நான்தான் அவளை வண்டியில் அழைத்துப்போனேன். மேடம் வராந்தாவிலேயே நின்றிருந்தார்.

"இல்லக்கா. பள்ளம் போயிடுச்சு."

"நல்லாத் திட்டிடுங்க மேடம்."

"திட்டினா உங்க பாரம் குறையும். எனக்குக் குறையுமா?"

அவர் உள்ளே போனார். அந்தப் பள்ளத்துக்காக ராப்பகலாக உழைத்த மாணவர்கள் காத்திருந்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது. "வலையில ஒரு இடம் சரியில்லாம இருந்திருக்கு. நாம பாத்தது வானத்துல இருந்து வந்ததில்ல" என்று மேடம் சொன்னது கேட்டது. யாருடைய நாற்காலியோ கிறீச்சிட்டது.

நான் அம்மாவின் கையைப் பிடித்து, "வாம்மா, போயிடலாம்" என்றேன்.

அவள் கையை உருவிக்கொண்டு கதவைத் தள்ளினாள்.

"அந்த இடத்துல கம்பி கட்டினது நான்தான்" என்றாள்.