கோழிக் கொட்டகையின் செம்புத் தகடு

போன வாரம் அப்பாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்தோம். அப்பா போய் ஒரு வருஷமாகிவிட்டது. அம்மா ஒவ்வொரு பொருளாக எடுத்துக் கொடுக்க, நான் வைத்துக்கொள்வதா எறிவதா என்று பிரித்துக்கொண்டிருந்தேன். அப்பா பிசிக்ஸ் வாத்தியார். பள்ளிக்கூட ஆய்வகத்திலிருந்து வழி தவறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்ட லென்ஸ் இரண்டு, மூடி இல்லாத பேனாக்கள், கோழித் தீவனப் பையிலிருந்து வெட்டியெடுத்த நூல்கண்டு. எல்லாவற்றுக்கும் அடியில், ஞாயிற்றுக்கிழமை வேட்டி ஒன்றில் சுற்றி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செம்புத் தகடு. நாலு மூலையிலும் ஆணி ஓட்டை. களிம்பு ஏறிப் பச்சையாக இருந்தது.

"இத எதுக்குடி இம்புட்டுப் பத்திரமா வச்சிருந்தாக?" என்றாள் அம்மா.

அம்மாவுக்கு இப்போது காது மந்தம். கேட்டுவிட்டு நம் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். "கோழிக் கொட்டகைக் கதவுல இருந்ததும்மா" என்று கத்தினேன்.

"ஓ, மாரி தகடா? நல்லாத்தான இருந்தா. ஏன்டி அவ அப்படிப் பொசுக்குன்னு போனா?"

நான் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தேன். துடைக்கிற அளவுக்கு அதில் தூசி ஒன்றும் இல்லை.

மல்லாங்கிணறு தாண்டி எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் இருந்தது. அதை விவசாயம் என்று சொன்னால் அக்கம்பக்கத்து விவசாயிகள் சிரிப்பார்கள். ஒரு கிணறு, ஒரு பம்புசெட், நாலு வேம்பு, ஒரு ஓட்டு வீடு, மிச்சமெல்லாம் கோழி. அப்பாவுக்கு அது ஆசை, அவ்வளவுதான். மே மாதம் பள்ளிக்கூடம் பூட்டியதும் விருதுநகர் வீட்டையும் பூட்டிக்கொண்டு அங்கே குடியேறிவிடுவோம். அம்மா அரசாங்க ஆஸ்பத்திரி நர்ஸ். தோட்டத்திலிருந்தே பஸ் பிடித்து டூட்டிக்குப் போய் வருவாள்.

கோழிகளுக்கெல்லாம் அப்பா வேதாகமப் பெயர் வைத்திருந்தார். கழுத்துச் சிவக்கச் சிவக்க உறுமிக்கொண்டு திரியும் வான்கோழிச் சேவல் ஏரோது. அதன் பெட்டை வெகுகாலம் முட்டையே இடாமல் இருந்து பிறகு இட்டதால் சாராள். பாஸ்டர் ஐயா ஒருமுறை சாப்பிட வந்தபோது, குழம்பில் கிடப்பது மார்த்தாள் என்று நான் சொல்லிவிட்டேன். அவர் அந்தத் துண்டை இலை ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு ரசத்துக்குத் தாவினார். கின்னிக்கோழிகள் பதினொன்றுக்கு மட்டும் பெயர் கிடையாது. பதினொன்றும் ஒரே அச்சில் அடித்த லேபிள் போல இருக்கும். எதை எப்படிக் கூப்பிடுவது?

மாரியக்காவை அங்கே கொண்டுவந்தது அம்மாதான். தாயில்பட்டிப் பக்கம் ஒரு வெடிக் கம்பெனியில் வேலை பார்த்தவள். அங்கே நடந்த விபத்தில், அவள் அறையில் இருந்த மூன்று பேரில் அவள் மட்டும்தான் உயிரோடு வெளியே வந்தாள். இரண்டு கையும் முழங்கை வரைக்கும், கழுத்தில் ஒரு பக்கமும் வெந்திருந்தது. அம்மாவின் வார்டில் ரெண்டரை மாதம் கிடந்தாள். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"சத்தமில்லாத எடமா ஒரு வேலை இருந்தாச் சொல்லுங்க சிஸ்டர்."

அம்மா அவளைத் தோட்டத்துக்குக் கூட்டிவந்தாள். கின்னிக்கோழி கத்துவதை நீங்கள் கேட்டிருந்தால் இந்த ஏற்பாட்டைப் பார்த்துச் சிரிப்பீர்கள். ஆனால் மாரியக்காவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. "அது சத்தமா பாப்பா? அதுக பேசிக்கிருதுக" என்பாள்.

கம்பெனிப் பழக்கம் அவளை விட்டுப் போகவில்லை. கொட்டகைக்குள் நுழையும்முன் செருப்பை வெளியே விடுவாள். நாங்களும் விட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் உள்வேலை முழுவதும் முடிந்துவிட வேண்டும். இன்னொன்று, கதவுக்கு முன்னால் நின்று உள்ளங்கையை எதன்மேலாவது அழுத்தத் தேடுவாள். வெடிக் கம்பெனிகளில் மருந்து அறை வாசலில் செம்புத் தகடு பதித்திருப்பார்கள். உடம்பில் இருக்கும் மின்சாரம் அதில் இறங்கிவிட்டால் பொறி பறக்காது. தொடாமல் யாரும் உள்ளே போகக்கூடாது. கோழிக் கொட்டகையில் தகடுக்கு எங்கே போவாள்? பாவம், கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுக்கொள்வாள்.

அப்பா இதைக் கவனித்திருக்கிறார். ஒருநாள் டவுனிலிருந்து செம்புத் தகடு வாங்கிவந்து கதவில் அடித்தார். வெறும் தகடு பிரயோஜனமில்லை என்று, கம்பி இழுத்து, குழி வெட்டி, உப்பும் கரியும் போட்டு முறையாக எர்த் கொடுத்தார். உலகத்திலேயே எர்த் கொடுத்த கோழிக் கொட்டகை எங்களுடையதாகத்தான் இருக்கும். மாரியக்கா தகட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் சிரித்தாள். அவள் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எனக்குப் பதின்மூன்று வயது நடந்த மே மாதம், சென்னையிலிருந்து சித்தி பெண்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்கு நீச்சல் தெரியும், இங்கிலீஷ் தெரியும். எனக்குக் கோழியைத் தவிரக் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. இரண்டு நாளில் கோழியும் அலுத்துப் போனது. அப்புறம் நான் மாரியக்காவைக் காட்டினேன். அவள் செருப்பை விடுவது, தகட்டை அழுத்துவது, உள்ளே காலை மெதுவாக எடுத்து வைப்பது எல்லாவற்றையும் அவளுக்குப் பின்னால் நின்று நடித்துக் காட்டினேன். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது. இப்போது எழுதும்போதே கூசுகிறது.

எங்கள் ஊர்ப் பக்கத்து வீடுகளில் வெடி என்பது தீபாவளிச் சாமான் இல்லை. சிவகாசியில் கம்பெனி வேலையில் இருந்த மாமா கொண்டுவந்து போடும் சாம்பிள், அலமாரியில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் வருஷம் பூராவும் கிடக்கும். தோட்டத்துக்கு மட்டும் எடுத்துவரக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். நான் கொண்டுவந்தது ஒரு குருவி வெடி. அது வெடியிலேயே சேர்த்தி இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காலை எட்டரை மணி. அம்மா டூட்டிக்குப் போயிருந்தாள். அப்பா தீவனம் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். மாரியக்கா கொட்டகைக்குள் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தாள். நானும் முட்டை பொறுக்கக் கூடையோடு உள்ளே போனேன். அவள் திரும்பி நின்ற நேரத்தில் பின்பக்கத் தட்டியைத் தள்ளிக்கொண்டு நழுவி வந்து, வேப்பமரத்தடியில் நின்ற சித்தி பெண்களிடம் "இப்பப் பாருங்க" என்றேன். கொட்டகைச் சுவரோரம் வைத்து ஊதுபத்தியால் பற்றவைத்தேன்.

சத்தம் கேட்ட மறுநொடி அவள் வெளியே பாய்ந்தாள். சேலை தடுக்க விழுந்து, எழுந்து, ஓடிப் பம்புசெட் தொட்டிக்குள் குதித்தாள். கழுத்தளவு தண்ணீரில் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். நாங்கள் சிரித்தோம். அதிகமாகச் சிரித்தது நான்தான்.

அப்புறம் அவள் தலையைத் தூக்கிக் கொட்டகையைப் பார்த்தாள்.

"பாப்பா! ஏ பாப்பா! உள்ள இருக்காத, வெளிய வந்துரு!"

தொட்டியைவிட்டு ஏறி, தண்ணீர் சொட்டச் சொட்ட, வந்த வழியே திரும்ப ஓடினாள். செம்புத் தகட்டைத் தொடவில்லை. தகடு அடித்ததிலிருந்து அந்த ஒரு தடவைதான் அவள் அதைத் தொடாமல் உள்ளே போனாள். உள்ளே ஒரே தூசி. பதினொரு கின்னிக்கோழியும் முகத்தில் மோதிப் பறந்தன. அந்த இருட்டில் என்னைக் கைகளால் துழாவித் தேடியபோதுதான், சாராள் அடைகாத்த கூடையை மிதித்திருக்கிறாள். பதினாலு முட்டை. இருபத்தாறாம் நாள். இரண்டே நாளில் பொரிக்க வேண்டியவை.

அவள் வெளியே வந்தபோது நான் வேப்பமரத்தடியில் ஊதுபத்தியோடு நின்றேன். முகத்தில் சிரிப்பு முழுசாக அடங்கியிருக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள், ஊதுபத்தியைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து என் கை இரண்டையும் புரட்டிப் பார்த்தாள், சுட்டிருக்கிறதா என்று. பிறகு போய்க் காலைக் கழுவினாள்.

பத்து மணிக்கு அப்பா வந்தார். கூடையைப் பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். உடைந்த ஓடுகளுக்குள் முளைத்த இறகோடு குஞ்சுகள் கிடந்தன. "எப்படி?" என்றார்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாக வாயைத் திறந்தேன். "அக்கா தடுக்கி விழுந்துட்டாங்கப்பா."

மாரியக்கா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "ஆமா சார். வெயிலுக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துருச்சு" என்றாள்.

"பாத்து வரக்கூடாதா மாரி. அம்புட்டும் போச்சே" என்றார் அப்பா. கடுமையாகச் சொல்லியிருந்தாலாவது எனக்கு அழுகை வந்து உண்மையும் கூடவே வந்திருக்கும் என்று பிற்பாடு சமாதானம் செய்துகொள்வேன். அதுவும் சால்ஜாப்புதான்.

மறுநாள் காலையில் அவள் கொட்டகையைக் கழுவிவிட்டு, தண்ணீர் வைத்துவிட்டு, துணிப்பையோடு வந்து நின்றாள். "ஊருக்குப் போறேன் சிஸ்டர்." அம்மா எவ்வளவோ கேட்டுப் பார்த்தாள். அவள் அதையே திரும்பச் சொன்னாள்.

பிறகு வருஷங்கள் ஓடின. சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸில் எனக்கு வேலை கிடைத்த புதிதில், ஏதோ கணக்கெடுப்புக்காகத் தாயில்பட்டிக்கு ஜீப்பில் போனோம். ஒரு கம்பெனி வாசலில் சாப்பாட்டு நேரம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கைகளை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். அவள் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"பாப்பாதான? சாரு சொகமா இருக்காகளா? சாப்பிட்டீகளா?"

பெட்டி அடைக்கிற பிரிவில் இருப்பதாகச் சொன்னாள். அன்று நடந்ததைப் பேசத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு கேள்வி. "திரும்பவும் இங்கேயே வந்துட்டீங்களே அக்கா, பயமா இல்லையா?"

"பயந்தான். ஆனா இங்கன ஊசி விழுந்தாக் கேக்கும் பாப்பா, அம்புட்டு அமைதி. இங்கன யாரும் வெளையாட்டுக்குப் பத்த வைக்க மாட்டாக."

குத்திக்காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். மணி அடித்தது. அவள் போய் வாசல் தகட்டில் கையை அழுத்திவிட்டு உள்ளே போனாள். நான் ஜீப்பில் ஏறி, வேலையில் மும்முரமாக இருப்பவள் போலக் காகிதங்களைப் புரட்டினேன். அடுத்த முறை போனபோது, அந்தக் கம்பெனியே பூட்டிக் கிடந்தது. அவள் எந்த ஊர்ப் பக்கம் போனாள் என்று சொல்ல ஆளில்லை.

அப்பா கடைசிவரை, வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்வார். "நம்ம மாரி விழுந்ததுல என் வான்கோழிக் குஞ்சு பதினாலும் போச்சு" என்று சொல்லிவிட்டு, "தங்கமான பொம்பள" என்று முடிப்பார். ஒவ்வொரு முறையும் நான் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோற்றை வைப்பேன்.

தோட்டத்தை விற்றாயிற்று. மஞ்சள் கல் நட்டு, ஏதோ நகர் என்று பெயர் வைத்து, வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கிணற்றை மூடிவிட்டார்கள். வேம்பு ஒன்றுகூட இல்லை. சத்தமில்லாத இடம் வேண்டும் என்று கேட்டு வந்தவளுக்குக் கொடுக்க ஒருகாலத்தில் எங்களிடம் அது இருந்தது. அதை ஒரு குருவி வெடியில் நான் தீர்த்துக் கட்டினேன்.

அம்மா தகட்டைப் புளி போட்டுத் தேய்த்து ஜன்னலில் வைத்திருக்கிறாள். இன்று காலையிலும் கேட்டாள். "ஏன்டி போனா மாரி? ஒனக்குத் தெரியுமா?"

"நான்தாம்மா" என்றேன். அம்மாவுக்குக் கேட்கவில்லை. காதருகே கையைக் குவித்துக்கொண்டு, "என்னது? சத்தமாச் சொல்லு" என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்திருந்தன.

"ஒண்ணுமில்லம்மா" என்று சத்தமாகச் சொன்னேன்.