நாலாம் நம்பர் வைஸுக்குள் ஒரு காலண்டர் தாள்

எனக்கு மூக்கு நுனியில் கோபம். நான் சொல்லாவிட்டாலும் எங்கள் பட்டறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்பதால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன். அரவேணு போகும் வழியில், தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனி எங்களுடையது. மில்லிங் மெஷின்கள் ஆறு. நாலாம் நம்பர் என்னுடையது. கோயம்புத்தூரில் படித்து, கல்யாணமாகிக் குன்னூருக்கு வந்து, பதினோரு வருடமாக அந்த மெஷினில் இரும்பைச் சதுரமாக்கிக்கொண்டிருந்தேன்.

மெஷின் வைஸைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். மில்லிங் மெஷினின் மேசையில் போல்ட் போட்டு இறுக்கிய கனத்த இரும்புப் பிடி அது. அதற்கு இரண்டு தாடைகள். ஒன்று அசையவே அசையாது. இன்னொன்று, கைப்பிடியைச் சுற்றினால் முன்னே நகர்ந்து வந்து வேலைத்துண்டை நெருக்கும். மேலே சுழல்கிற கட்டர் எத்தனை நல்லதாக இருந்தாலும் பிடி சரியில்லை என்றால் வேலை போச்சு. நகரும் தாடை இறுக்கும்போது துண்டை லேசாக மேலே தூக்கும். அது அதன் குணம். அதனால் துண்டுக்கு அடியில் இரண்டு இரும்புப் பட்டைகளை வைத்து, வைஸை இறுக்கி, செம்புச் சுத்தியால் துண்டின் தலையில் தட்டுவோம். பிறகு அடியில் இருக்கும் பட்டைகளை விரலால் அசைத்துப் பார்ப்போம். அசைந்தால் துண்டு இன்னும் உட்காரவில்லை என்று அர்த்தம்.

நாங்கள் நம்புவதெல்லாம் அசையாத தாடையைத்தான். ஒரு முகத்தைச் சீவி முடித்ததும் அதை அசையாத தாடையில் ஒட்டி வைத்து, எதிர்ப்பக்கம் ஓர் உருண்டைக் கம்பியைக் கொடுத்து இறுக்கினால், அடுத்த முகம் முதல் முகத்துக்குச் சரியான செங்கோணத்தில் வரும். தாடை நேராக நின்றால் துண்டும் நேர். தாடை சாய்ந்திருந்தால் துண்டும் கோணல்.

என் வைஸின் தாடை சாய்ந்துதான் இருந்தது. மிகக் கொஞ்சம், பாதித் தலைமுடி அளவுக்கு. எனக்கு முன்னால் இருந்த எவனோ ஒருவன் அதன் மேல் எதையோ போட்டிருக்க வேண்டும். முறைப்படி போர்மேனிடம் எழுதிக் கொடுத்திருந்தால் வைஸைக் கழற்றிக் கோயம்புத்தூருக்கு அனுப்பி, கிரைண்டிங் செய்து வரவழைத்திருப்பார்கள். மூன்று வாரம் மெஷின் சும்மா நிற்கும். எனக்கு அந்தப் பொறுமை எல்லாம் கிடையாது. தாடையின் முகப்பில் இரண்டு ஸ்குரூ போட்டு ஒரு தகடு மாட்டியிருக்கும். அதைக் கழற்றி, அதன் பின்னால் மேல்பக்கமாக ஒரு காகிதக் கீற்றைக் கொடுத்து மறுபடி மாட்டினேன். தாடை நிமிர்ந்துவிட்டது.

காகிதம் என்ன காகிதம் என்றால், எங்கள் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரின் தாள். தினமும் காலையில் அதைக் கிழிப்பது நான்தான். வேறு யார் தொட்டாலும் கத்துவேன். அந்தத் தாளின் மெல்லிசு என் வைஸின் கோணலுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. எங்கள் ஊர் ஈரத்துக்கும் மெஷினின் குளிர்ச்சித் தண்ணீருக்கும் அது ஊறிப்போகும் என்பதால், மாதம் ஒரு முறை யாருக்கும் தெரியாமல் புதுக் கீற்று மாற்றிவிடுவேன். போர்மேன் அறைக்கு வெளியே ஒரு கரும்பலகை உண்டு. செய்த துண்டு ஒன்றுகூடக் குறையென்று திரும்பி வராதவர் யாரோ அவர் பெயரை அதில் எழுதுவார்கள். வருடக்கணக்காக அதில் என் பெயர்தான். எனக்குத் தலைக்கனம் ஏறியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இரண்டாம் நம்பர் மெஷினில் ஓர் அண்ணன். ஐம்பதைத் தாண்டியவர். வீடு பர்லியாரில். மலைக்குக் கீழே கதகதப்பான ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி மேலே வருவதால், வந்ததும் அரை மணி நேரம் பிளாஸ்க்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார். மங்குஸ்தான் காலத்தில் எல்லோருக்கும் இரண்டிரண்டு பழம் கொண்டுவருவார். ஆனால் வேலையில் ஆமை. நான் மூன்று துண்டு முடிப்பதற்குள் அவர் ஒன்றை முடிப்பார். ஒவ்வொரு முகத்துக்கும், செங்கோணம் பார்க்கிற மூலைமட்டத்தை வைத்து, இடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா என்று தூக்கித் தூக்கிப் பார்ப்பார். "அண்ணா, அது இரும்புத் துண்டுங்ணா, பொண்ணு பாக்க வந்த மாதிரி அப்படிப் பாக்கறீங்க" என்று கிண்டல் செய்வேன். அவர் சிரித்துக்கொள்வார்.

அவர் பட்டறைக்கு வந்த புதிதில் ஒரு முறை, "என்ற வைஸு கொஞ்சம் கோணலா இருக்குதுங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம். "வைஸு கோணலுங்களா, உங்க கண்ணு கோணலுங்களா?" என்று கேட்டேன். பட்டறையே சிரித்தது. போர்மேனும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எங்கள் கம்பெனியில் கிரேடு டெஸ்ட் என்று ஒன்று உண்டு. நாலு மணி நேரத்தில் ஒரு கரடுமுரடான இரும்புத் துண்டின் ஆறு முகங்களையும் சீவி, எல்லா மூலையும் செங்கோணமாக இருக்கும்படி கொடுக்க வேண்டும். அண்ணன் இரண்டு தடவை டெஸ்ட்டுக்குப் போய், இரண்டு தடவையும் நேரம் போதாமல் தவறினார். மூன்றாவதும் தவறினால் மெஷினிலிருந்து எடுத்துக் கீழே பேக்கிங்குக்கு அனுப்பிவிடுவார்கள். பேக்கிங் என்றால் நாள் முழுக்கத் துண்டுகளுக்குக் கிரீஸ் தடவி, காகிதம் சுற்றி, பெட்டியில் அடுக்குவது. பாவம் மனுஷன், ஒரு மாதமாகச் சோறு இறங்காமல் திரிந்தார். போர்மேனுக்கும் மனசு கேட்கவில்லை. இந்தத் தடவை இருப்பதிலேயே நல்ல மெஷினில் வைக்கலாம் என்று நாலாம் நம்பரைக் கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டெஸ்ட் அன்று காலையில் நான் போனபோது ஷட்டர் வழியாக மூடுபனி உள்ளே வந்துகொண்டிருந்தது. என் வைஸ் மட்டும் புதுப் பாத்திரம்போல் பளபளத்தது. மெயின்டனன்ஸ் பிட்டர் கையைத் துடைத்தபடி நின்றார்.

"அண்ணனுக்கு டெஸ்ட்டுன்னு ராத்திரியே தகட்டையெல்லாம் கழட்டிச் சுத்தமாத் தொடச்சு மாட்டிட்டனுங்க அக்கா. உள்ளார ஏதோ காயிதக் குப்பை சிக்கிக் கெடந்துது. எடுத்து வீசிட்டனுங்க."

 குப்பைக் கூடையைக் கிளறினேன், தாள் இல்லை. மேசைக்கு அடியில் பார்த்தேன், அங்கும் இல்லை. அதற்குள் மணி ஒன்பது. போர்மேன் துண்டைக் கொடுத்துக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். டெஸ்ட் நடக்கும்போது யாரும் பக்கத்தில் போய்ப் பேசக்கூடாது என்பது விதி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. ஐந்தாம் நம்பர் மெஷினில் நின்றுகொண்டு வேலை செய்வதுபோல் பாவனை செய்தேன். சொன்னால் பதினோரு வருடக் கள்ளத்தனம் வெளியே வரும். கரும்பலகை, பெயர், எல்லாம் போகும். சொல்லாவிட்டால் அண்ணன் பேக்கிங்குக்குப் போவார். அந்தத் தாடை அவர் துண்டைக் கோணலாக்கும். எல்லோரும் அவர் கையைத்தான் குறை சொல்வார்கள். ஒரு மணி நேரம் போனது. ஒன்றரை மணி நேரம் போனது. இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

அவர் இரண்டாவது முகத்தைச் சீவி முடித்தார். துண்டை எடுத்து மூலைமட்டத்தை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். துண்டைக் கீழே வைத்தார். பிறகு பிளாஸ்க்கைத் திறந்து, அவசரமே இல்லாமல் டீ ஊற்றினார். டெஸ்ட்டுக்கு நடுவில் டீ! எனக்குப் பொறுக்கவில்லை. விதியாவது மண்ணாவது என்று கிட்டே போய்விட்டேன்.

"என்னாச்சுங்ணா?"

"ஒண்ணுமில்லீங்க அம்மிணி. நீங்க போயி வேலையப் பாருங்க. போர்மேன் பாத்தா வம்பு."

நான் துண்டைப் பிடுங்கி மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தேன். மேல் ஓரத்தில் கீற்றாக வெளிச்சம் தெரிந்தது. "அண்ணா, வைஸு சாஞ்சிருக்குது. என்ற தப்புதானுங்க. உள்ள ஒரு காயிதம் வெச்சிருந்தேன்..."

"தெரியுமுங்க" என்றார்.

சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு கீற்றை எடுத்துக் காட்டினார். எண்ணெய் ஊறிய காலண்டர் தாள். கௌரி நல்ல நேரம் என்ற எழுத்துகூட அழியவில்லை.

"மொத பஸ்ஸுக்கே வந்துட்டனுங்க. உங்க மெஷினுக்குப் பக்கத்துல தரையில கெடந்துது. காலண்டர் தாளப் பாத்ததும் யாருதுன்னு புரிஞ்சு போச்சு. வேற யாராச்சும் பாக்கறதுக்குள்ள எடுத்துப் பையில வெச்சுக்கிட்டேன். திருப்பி உள்ள வெக்கலாம்னா பிட்டரு அங்கயே நின்னுட்டாருங்க."

"அட கடவுளே! காலையிலயே சொல்லி வேற மெஷினு கேட்டிருக்கலாமுல்லீங்க?"

"எதுக்கு வேற மெஷினுன்னு கேப்பாங்க. அப்பறம் உங்க பேருதான் கெட்டுப்போகும்." டீயை ஊதினார். "என்ற புள்ள இப்ப ஐடிஐ சேர்ந்திருக்குது. ஊட்ல தெனமும் உங்களப் பத்தித்தான் சொல்லுவேன். எங்க பட்டறையில ஒரு அம்மிணி இருக்குது, போர்டுல அது பேருதான் இருக்குதுன்னு. தட்டித் தட்டி ஒப்பேத்திரலாம்னு பாத்தேன், முடியலீங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் மேலா என் மேலா என்று தெரியவில்லை. "உங்களுக்குப் பைத்தியமாங்ணா?" என்று கத்தினேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அந்தக் கீற்றை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு நேராகப் போர்மேன் அறைக்குப் போய் மேசையில் வைத்தேன். பதினோரு வருடத்தையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

போர்மேன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். டெஸ்ட்டை நிறுத்தினார். டயல் கருவியை எடுத்து வந்து நாலாம் நம்பர் தாடையில் ஓட்டிப் பார்த்தார். முள் நகர்ந்தது, தாடை சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதோடு விடாமல், ஆறு மெஷின் வைஸையும் பார்க்க வேண்டும் என்று பிட்டரைக் கூப்பிட்டார். முதல் மெஷின் சரியாக இருந்தது. இரண்டாம் நம்பர் தாடையில் டயலை ஓட்டியபோது முள் என் வைஸில் நகர்ந்ததைப்போல் மூன்று மடங்கு நகர்ந்தது.

எல்லோரும் அண்ணனைப் பார்த்தோம். பிட்டர் தகட்டைக் கழற்றினார். உள்ளே காகிதம் இல்லை, எதுவும் இல்லை. துடைத்த இரும்பு மட்டும் இருந்தது.

"இத்தனை வருஷமா இதுல எப்படி வேல செஞ்சீங்க?" என்று போர்மேன் கேட்டார்.

"ஒவ்வொரு முகத்துக்கும் மட்டம் வெச்சுப் பாத்து, திருப்பித் திருப்பிப் புடிச்சுச் சீவுவேனுங்க. வேல சரியா வந்துரும். நேரந்தான் ஆகுது."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்ல?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒருக்கா சொன்னனுங்க" என்றார்.

 என் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஆனால் போர்மேன் என்னைப் பார்த்தார், நான் போர்மேனைப் பார்த்தேன். அன்றைக்குச் சிரித்தவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் நின்றிருந்தோம்.

இரண்டு வைஸும் கோயம்புத்தூருக்குப் போய், கிரைண்டிங் ஆகி வந்தன. அண்ணனுக்கு அதே நாலாம் நம்பரில் மறுபடி டெஸ்ட் வைத்தார்கள். இரண்டே முக்கால் மணி நேரத்தில் ஆறு முகத்தையும் முடித்துவிட்டு, மீதி நேரத்துக்கு என்ன செய்வது என்று தெரியாமல் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். எனக்கு அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. கம்பெனி மெஷினில் சொல்லாமல் கை வைத்ததற்காக என்னை மூன்று மாதம் பேக்கிங்குக்கு அனுப்பியிருந்தார்கள். கரும்பலகையில் என் பெயரை அழித்துவிட்டார்கள். வாயைத் திறக்காமல் போனேன். நான் வாயைத் திறக்காமல் எங்காவது போனது அது ஒன்றுதான்.

பேக்கிங்கில் இரண்டாவது மாதம் அவர் செய்த துண்டுகள் ஒரு தட்டு நிறைய இறங்கி வந்தன. கிரீஸ் தடவுவதற்கு முன்னால் ஒன்றை எடுத்து மூலைமட்டத்தை வைத்து டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கினேன். ஒரு மூலையிலும் வெளிச்சம் தெரியவில்லை. அடுத்ததை எடுத்தேன், அதற்கடுத்ததை எடுத்தேன். தட்டில் இருந்த அத்தனையையும் பார்த்தேன். பேக்கிங் பெண்கள் என்னை வேடிக்கை பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் அவர் இரண்டு மங்குஸ்தானோடு கீழே வந்தார். "என்னங்க அம்மிணி, எல்லாத்தையும் தூக்கித் தூக்கிப் பாத்தீங்களாமா?" என்று சிரித்தார்.

 கையெல்லாம் கிரீஸ். "கோணலா இருந்தது என்ற கண்ணுதானுங்ணா" என்றேன். "மன்னிச்சுக்குங்க."

"அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேனுங்க" என்றார்.

நான் எதைச் சொல்கிறேன் என்று அவர் கேட்கவே இல்லை.